எந்த ஆண்டின் பலகை?

மரக்கப்பலின் மேல்தளத்தை அரிப்பது கடல் அல்ல, மழை. கடற்கரையில் வளர்ந்தவர்கள்கூட இதை உடனே ஒப்புக்கொள்வதில்லை. மரத்தை இற்றுப்போகச் செய்யும் பூஞ்சணத்துக்கு உப்பு ஒத்துவராது. நன்னீர்தான் பலகை இடுக்குகளில் இறங்கி, ஆணித்துளைகளில் தேங்கி, வெளியே தெரியாமல் உள்ளிருந்து தின்கிறது. பாய்க்கப்பல் காலத்து மாலுமிகள் தளத்தைக் கடல்நீர் அள்ளிக் கழுவியதற்கு இதுவும் ஒரு காரணம். ஈரம் குடித்த பலகைகள் ஊதி ஒன்றையொன்று நெருக்கும். இடுக்கு தானாக அடைபடும். ஓடிக்கொண்டிருக்கும் கப்பலின் தளம் அவ்வளவு எளிதில் கெடுவதில்லை. துறையில் கட்டிவைத்து, வெயிலில் காயவிட்டு, மழையில் நனையவிட்டால்தான் நோய் பிடிக்கும். சுருங்கச் சொன்னால், அருங்காட்சியகக் கப்பலுக்கு வருகிற நோய் அது.

பலகையில் கையகலம் இற்றுவிட்டால் என்ன செய்வது? நல்ல மரம் தட்டுப்படும்வரை வெட்டி எடுத்து, அதே சாதி மரத்தில், அதே ரேகை ஓடும் திசையில் ஒரு துண்டைச் செதுக்கிப் பதித்து, மட்டமாக இழைத்துவிடலாம். அரை நாள் வேலை. முழுப் பலகையையும் மாற்றுவது சிலவேளை இதைவிட மலிவாக முடியும். மூன்றாவது வழியும் உண்டு: தளம் முழுவதற்கும் மேலே கண்ணாடியிழை பூசி மூடிவிடுவது. பார்க்க வழுவழுப்பாக இருக்கும். ஆனால் உள்ளே ஏற்கெனவே இருந்த ஈரம் வெளியேற வழியில்லாமல், மூடியின் கீழ் மரம் அமைதியாக அழுகும். சில குடும்பங்களையும் சில சங்கங்களையும் நினைத்துக்கொண்டு இந்த வரியை எழுதவில்லை என்றால் நீங்கள் நம்பப் போவதில்லை.

பலகை இடுக்குகளில் நாரையோ பஞ்சையோ உளியால் அடித்து இறக்கி, மேலே குங்கிலியக் கலவையோ கீலோ ஊற்றி அடைப்பதற்குத் தமிழில் ‘கலப்பற்று’ என்று பெயர். மரக்கலம் கட்டுபவருக்கு ‘ஓடாவி’ என்ற சொல் இருக்கிறது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, ‘புளோரன்ஸ் சி. ரொபின்சன்’ என்று பெயர் மாற்றினார். அது வல்வெட்டித்துறை மாலுமிகளோடு புறப்பட்டு 1938இல் மசாச்சுசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறையை அடைந்தது. நம்மவர் பெருமையாக அடிக்கடி சொல்லும் கதை. கப்பல் போய்விட்டதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தமில்லை, கப்பல்கள் போவதற்காகக் கட்டப்படுபவை. அப்படி ஒன்றைப் பழுதுபார்க்கத் தெரிந்த கைகள் குறைந்துபோனதுதான் வேறு வகை இழப்பு.

மெய்யியல் வகுப்புகளில் எப்போதும் வந்துவிடும் கப்பல் ஒன்று உண்டு. தீசியஸ் வந்த கப்பலை ஏதென்ஸ் நகரத்தார் இற்ற பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பாதுகாத்தார்கள் என்றும், அது பழைய கப்பல்தானா என்று அறிஞர்கள் சண்டை பிடித்தார்கள் என்றும் புளூட்டார்க் எழுதினார். 17ஆம் நூற்றாண்டில் தோமஸ் ஹொப்ஸ் இன்னொரு முடிச்சைப் போட்டார்: கழற்றிய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து இன்னொரு கப்பல் கட்டினால், எது உண்மையான கப்பல்?

கெட்டிக்காரத்தனமான கேள்விதான். ஆனால் இதில் தச்சன் இல்லை. பலகைகள் தாமாகக் கழன்று தாமாகச் சேர்வதுபோல் கேட்கப்படுகிறது. கப்பல் தளத்தின் பலகை நேர்கோடு அல்ல. கப்பலின் வளைவோடு வளைந்து, முனையில் ஒடுங்கி, பக்கத்துப் பலகைக்கு ஏற்பச் சாய்ந்திருக்கும். புதிதாக ஒன்றைப் போடும்போது அளவு எங்கிருந்து வருகிறது? கழற்றிய பலகையிலிருந்தும், இருபுறமும் இன்னும் கிடக்கும் பழைய பலகைகளிலிருந்தும். அடுத்த ஆண்டு அந்தப் பழையவற்றில் ஒன்றை மாற்றும்போது, இந்தப் புதியது அளவு சொல்லும். எல்லாவற்றையும் ஒரே நாளில் பெயர்த்துவிட்டால் இந்தப் பேச்சு அறுந்துவிடும். வரைபடத்திடம்தான் கேட்க வேண்டும். ஆகவே ஒவ்வொன்றாக மாற்றுவதற்கும் ஒட்டுமொத்தமாக மாற்றுவதற்கும் உள்ள வேறுபாடு வெறும் வேகத்தைப் பற்றியது அல்ல. ஹொப்ஸின் இரண்டாவது கப்பலில் மரம் இருக்கிறது, இந்தத் தொடர்ச்சி இல்லை.

நம் கோயில்களுக்கு இது புதிய செய்தியல்ல. திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்து, தெய்வ சாந்நித்தியத்தைத் தற்காலிகமாக வேறிடத்தில் எழுந்தருளச் செய்கிறார்கள். பிறகுதான் உளி படுகிறது. வேலை முடிந்து குடமுழுக்கு. கல் எவ்வளவு மாறினாலும் கோயில் அதுவே. அழகான ஏற்பாடு. ஆனால் இதே துணிச்சலில்தான் தமிழ்நாட்டில் கோயில் சுவர்களில் மணலைப் பீச்சியடித்துச் சுத்தம் செய்து, கல்வெட்டு எழுத்துக்களை மழுங்கடித்தார்கள். சாமி பத்திரமாக இருந்தார், சாட்சி போய்விட்டது.

இந்தச் ‘சாட்சி’ என்ற சொல்லில் சற்று நிற்க வேண்டும். சிட்னி டார்லிங் ஹார்பர்ப் பக்கம் போனால் இரண்டு கப்பல்களைக் காணலாம். ஒன்று 1874இல் இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் கட்டப்பட்ட ‘ஜேம்ஸ் கிரெய்க்’. இரும்பு உடல், மூன்று பாய்மரம். தஸ்மேனியாவின் ரெஷேர்ஷ் குடாவில் கைவிடப்பட்டு, ஓட்டையோடு பல பத்தாண்டுகள் கிடந்தது. 1972இல் தொண்டர்கள் அதை மிதக்கவைத்து, பின் சிட்னிக்கு இழுத்துவந்து, 2001 வரை பாடுபட்டு முடித்தார்கள். அதன் மரப்பகுதிகள் பெரும்பாலும் புதியவை. யாரும் கவலைப்படுவதில்லை, ஏனென்றால் அது மறுபடி பாய்விரித்து ஓடுகிறது. ஓடுவதுதான் அதன் வேலை.

மற்றது ‘கிரைட்’. சுமார் 21 மீற்றர் நீளமான மரப்படகு. 1934இல் ஜப்பானில் ‘கொஃபுகு மாரு’ என்ற பெயரில் மீன்பிடித் தொழிலுக்காகப் பிறந்தது. கொஃபுகு என்றால் மகிழ்ச்சி. போர் வந்ததும் சிங்கப்பூரில் பிரித்தானியர் கைக்குப் போய், சுமத்திராக் கரையோரம் மூழ்கிய கப்பல்களிலிருந்து ஆட்களைக் காப்பாற்றி, இந்தியா சென்றது. அங்குள்ள பாம்பின் பெயரே புதிய பெயராயிற்று: நம் கட்டுவிரியன். 1943 செப்டெம்பரில் 14 பேரைச் சுமந்து மேற்கு அவுஸ்திரேலியாவிலிருந்து புறப்பட்டது. அவர்களில் சிலர் சிறு படகுகளில் சிங்கப்பூர்த் துறைமுகத்துக்குள் புகுந்து ஜப்பானியக் கப்பல்களில் வெடி பொருத்தினார்கள். எல்லோரும் உயிரோடு திரும்பினார்கள். சிங்கப்பூரில் இருந்தவர்கள்தான் விலை கொடுத்தார்கள்: ஒக்டோபர் 10ஆம் தேதி தொடங்கிய கைதுகளில் 57 பேர் பிடிபட்டுச் சித்திரவதைக்கு ஆளாகி, 15 பேர் இறந்தார்கள். போருக்குப் பின் படகு போர்னியோவில் மரத்தொழிலுக்குப் போனது. 1964இல் பொதுமக்கள் பணத்தில் மீட்கப்பட்டுச் சிட்னிக்கு வந்தது.

அண்மைக் காலப் பழுதுபார்ப்பு அதை 1943இல் இருந்த தோற்றத்துக்குக் கொண்டுபோவதை நோக்கமாகக் கொண்டது. போர் நினைவகத்துக்குச் சொந்தமான படகு, முடிவு விளங்காததல்ல. ஆயினும் ஒரு படகை ஓர் ஆண்டுக்குத் திருப்புவது என்றால், மற்ற ஆண்டுகளைக் கழற்றுவது என்று பொருள். மீன் கொட்டிய ஆண்டுகள், மக்களைக் காத்த மாதங்கள், போர்னியோவில் மரம் ஏற்றிய ஆண்டுகள். அவுஸ்திரேலியாவில் மரபுச் சின்னங்களைக் கையாள்வோர் பின்பற்றும் பர்ரா சாசனம், 1979இல் தென் அவுஸ்திரேலியச் சுரங்க ஊர் ஒன்றில் ஏற்கப்பட்டது, இதைப்பற்றித் தெளிவாகவே இருக்கிறது. வேண்டிய அளவு மாற்று, ஆனால் இயன்றவரை குறைவாக. எல்லாக் காலங்களின் பங்கையும் மதி. ஒரு காலத்தை வெளிக்காட்ட இன்னொன்றை நீக்குவதானால், நீக்கப்படுவது உண்மையில் அற்பமானதாக இருக்க வேண்டும். அற்பம் எது என்று தீர்மானிப்பவர் யார் என்பதைச் சாசனம் எழுதிவைக்க முடியாது.

புதிய பலகைக்கும் ஒரு பூர்வீகம் உண்டு என்பதை இடையில் சொல்லிவிடுகிறேன். கப்பல் தளத்துக்குப் பேர்போனது பர்மியத் தேக்கு. 2021 இராணுவப் புரட்சிக்குப் பிறகு மியன்மாரின் அரச மர நிறுவனத்தின்மீது அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை விதித்தன. பழையதைக் காப்பாற்றுகிறோம் என்ற நல்லெண்ணம் இன்னொருவர் காட்டை வெட்டி, ஒரு படையின் கஜானாவை நிரப்பக்கூடும். இற்ற இடத்தை மட்டும் வெட்டி ஒட்டுப்போடும் பொறுமைக்கு இப்படியும் ஒரு நியாயம் இருக்கிறது.

இவ்வளவும் எழுதியது கப்பலுக்காக மட்டும் அல்ல. 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது; சுமார் 97,000 நூல்கள் போயின. பின்னர் அதைத் திருத்திக் கட்டும் பேச்சு வந்தபோது, எரிந்த கட்டடத்தை அப்படியே நினைவுச்சின்னமாக விடவேண்டும் என்ற குரலும் எழுந்தது. வெள்ளை பூசினால் குற்றம் மறையும் என்றார்கள் அவர்கள். மற்றவர்கள் பிள்ளைகளுக்குப் படிக்க இடம் வேண்டும் என்றார்கள். ‘ஜேம்ஸ் கிரெய்க்’ ஓடவேண்டிய கப்பல், ‘கிரைட்’ சாட்சி சொல்லவேண்டிய படகு. நூலகமோ இரண்டும். படிக்கிற மாணவிக்குக் கூரை வேண்டும். எரித்தவர்களுக்கு எதிரான சாட்சியமும் வேண்டும். ஒரே சுவரிடம் இரண்டையும் கேட்டோம். முடிவில் அது முன்பு இருந்த வடிவிலேயே வெள்ளையாக எழுப்பப்பட்டது. மெல்பேர்ணிலிருந்து விடுமுறைக்குப் போகும் பிள்ளை அதன்முன் நின்று படம் எடுக்கும்போது, படத்தில் அழகான கட்டடம் ஒன்று தெரியும். கரி தெரியாது.

திருத்தியது சரி என்பதே என் பக்கம். வாசகர் இல்லாத நூலகத்தை இடிபாடாக வைத்திருப்பது, எரித்தவர்களின் வேலையை நாமே பராமரிப்பதுபோல் ஆகியிருக்கும். நம்மில் தொலைவில் இருந்தவர்களுக்கு இடிபாடு பிடித்திருந்ததில் வியப்பில்லை, நாம் அங்கே புத்தகம் இரவல் வாங்கப் போவதில்லை. ஆனால் ஒரே ஓர் அறையையாவது, ஒரு சுவரையாவது, 1981ஆக விட்டிருக்கலாம். பர்ரா சாசனத்தின் மொழியில், அந்தக் கரி அற்பமானது அல்ல.

பழைய படகுகளில் வேலை செய்யும் சில தச்சர்கள் புதிய மரத்துண்டின் அடிப்பக்கத்தில் அது போடப்பட்ட ஆண்டைப் பொறித்துவிடுவார்கள். தளத்தில் நடப்பவர் கண்ணுக்கு அது படாது. பலகையை அடுத்த தடவை பெயர்ப்பவர் திருப்பிப் பார்ப்பார்.