இடது பக்கம், வலது பக்கம்

அப்பா இறந்த பதினோராம் நாள் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். இன்னும் ஒரு வாரம் லீவு வேண்டும், அவ்வளவுதான் விஷயம். மேனேஜர் பெங்களூர்க்காரர், கன்னடமும் ஆங்கிலமும் பேசுவார், தமிழ் வராது. நான்கு வரி எழுத அரை மணி நேரம் ஆனது. மூன்றாவது வரி மட்டும் யோசிக்காமல் வந்து விழுந்தது: ‘ஐ ஆம் நாட் குவைட் மைசெல்ஃப் அட் த மோமென்ட்.’

அனுப்புவதற்கு முன் திரும்பப் படித்துப் பார்த்தேன். நான் இருந்த நிலைமையை அதைவிடச் சரியாகச் சொல்லியிருக்க முடியாது. தமிழில் ‘நான் நானாக இல்லை’ என்று எழுதினால் சினிமா வசனம் மாதிரி இருக்கும். ஆங்கிலத்தில் அது அடக்கமான, யாரையும் தொந்தரவு செய்யாத வரி. அனுப்பிவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. இந்த வரி எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்ற கேள்வி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

அதைக் கண்டுபிடிக்க வழி இருந்தது. என்னிடம் நோட்டு இருக்கிறது.

நான் கோவில்பட்டியில் தமிழ் மீடியத்தில் படித்தவன். கல்லூரி முடித்து சென்னையில் கிடைத்த முதல் வேலை, வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் அனுப்பும் புகார்களுக்கு மின்னஞ்சலில் பதில் எழுதுவது. பேச வேண்டாம் என்பதால்தான் சேர்ந்தேன். சேர்ந்த மூன்றாம் வாரமே மாட்டிக்கொண்டேன். என் சீனியர் ஒரு அண்ணன், என் பதில்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கிராமர் புக்கத் தூக்கிப் பரண்ல போடு. ஒரு நாளைக்கு நாப்பது மெயில் வருதுல்ல, அதான் உன் வாத்தியார். நல்லாருக்குற வரிய எழுதி வெச்சுக்கோ. நீ பண்ற தப்பயும் எழுதி வெச்சுக்கோ. ரெண்டும் எதிரெதிர்ல இருக்கணும்.”

அன்று இரவே ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கினேன். இடது பக்கம் பிறர் எழுதிய நல்ல வரிகள். வலது பக்கம் என் தப்புகளும் திருத்தங்களும். ஆறு வருடத்தில் நான்கு நோட்டுகள் நிரம்பின. இன்றைக்கு நான் சாப்பிடும் சோறு அந்த நோட்டுகள் போட்டது. கீழே நான் சொல்லப்போகும் எதையும் அந்த முறைக்கு எதிரான புகாராக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வலது பக்கத்தைப் பற்றி முதலில். அது அவமானப் பட்டியலாகத்தான் தொடங்கியது. ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று எழுதி அடித்திருக்கிறேன், ‘அபவுட்’ தேவையில்லை. ‘யெஸ்டர்டே ஒன்லி ஐ சென்ட்’ என்று எழுதி அடித்திருக்கிறேன். ‘டேக் யுவர் ஓன் டைம்’ என்று ஒரு வாடிக்கையாளருக்கு அன்பாக எழுதி, அதில் ‘ஓன்’ வந்தால் ‘ஆடி அசைந்து வா’ என்று குத்திக்காட்டுவது போலவும் கேட்கும் என்று தெரிந்து அடித்திருக்கிறேன். ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்றதற்கு ஒருவர், என்னை ஏன் நம்ப மறுக்கிறாய் என்கிற தொனியில் பதில் போட்டார். நான் கேட்க நினைத்தது ஒரு சந்தேகம். அவர் படித்தது அவநம்பிக்கை.

ஒரு வருடம் போனதும் அந்தப் பக்கத்தின் முகம் மாறியது. தப்புகளுக்கு ஊர் இருந்தது. ‘அபவுட்’ ஏன் வருகிறது? நமக்கு ‘அதைப் பற்றிப் பேசு’. ‘ஒன்லி’ ஏன் வருகிறது? ‘நேத்துதான் அனுப்பினேன்’ என்பதில் உள்ள ‘தான்’ எங்காவது போய் உட்கார வேண்டுமே, அதற்கு ஆங்கிலத்தில் கிடைத்த நாற்காலி அது. எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு ‘த’ பற்றியது. எங்கே ‘எ’, எங்கே ‘த’ என்று மாதக்கணக்கில் தடுமாறினேன். தமிழில் இந்தச் சரக்கே இல்லை என்று நினைத்திருந்தேன். ஒருநாள் பஸ்ஸில் போகும்போது உறைத்தது: ‘புத்தகம் வாங்கினேன்’ என்பதும் ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்பதும் ஒன்றா? இரண்டாவதைச் சொன்னால், எந்தப் புத்தகம் என்று கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். இரண்டாம் வேற்றுமை உருபு அந்த இடத்தில் ‘த’ செய்யும் வேலையில் பாதியைச் செய்துகொண்டிருக்கிறது. இருபத்து மூன்று வருடம் பேசிய மொழியில் இதை நான் கவனித்ததே இல்லை.

பிட் கார்டர் என்ற பிரிட்டிஷ் மொழியியலாளர் 1967இல் எழுதிய ஒரு கட்டுரையில் இரண்டு வகைத் தப்புகளைப் பிரிக்கிறார். ஒன்று, களைப்பிலோ அவசரத்திலோ வாய் தவறி வருவது; அதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. இன்னொன்று, திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருவது. அது கற்பவனின் மூளைக்குள் ஓடும் ஒரு விதியைக் காட்டுகிறது, ஆகவே மதிப்புள்ளது என்கிறார். நமது இலக்கணக்காரர்கள் இன்னொரு அடி போயிருக்கிறார்கள். வழு, வழாநிலை என்று பிரித்ததோடு நிற்காமல் வழுவமைதி என்று ஒன்றை வைத்தார்கள். பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்றால் இலக்கணப்படி திணை தவறு. ஆனால் உவப்பால் சொன்னதால் அது தவறில்லை. ஒரு வாக்கியம் சரியா என்று பார்க்க, சொன்னவன் மனதையும் பார்க்க வேண்டும் என்று ஒரு இலக்கணம் சொல்கிறது! பத்தாம் வகுப்பில் இதை இரண்டு மதிப்பெண் கேள்வியாக மனப்பாடம் செய்து கடந்துவிட்டேன்.

இனி இடது பக்கம்.

அப்பா இறந்த பதினோராம் நாள் இரவு நான் தேடிய வரி இரண்டாவது நோட்டில் இருந்தது. அழகான கையெழுத்தில், வரிசை எண் போட்டு, அடிக்கோடிட்டு. பக்கத்தில் ‘சூப்பர்’ என்று வேறு எழுதியிருந்தேன். பார்த்ததும் அந்த மின்னஞ்சல் ஞாபகம் வந்தது. இங்கிலாந்திலிருந்து ஒரு பெண் எழுதியது. கணக்கு முடங்கிவிட்டது, பணம் கட்டத் தவறிவிட்டேன் என்று தொடங்கி, அவருடைய அப்பா இரண்டு வாரம் முன்பு இறந்துபோனதைச் சொல்லி, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், நான் இப்போது அவ்வளவாக நானாக இல்லை என்று முடித்திருந்தார். நான் செய்தது இரண்டு. வரியை நோட்டில் ஏற்றினேன். ‘சாரி ஃபார் யுவர் லாஸ்’ என்று தொடங்கும் டெம்ப்ளேட்டை ஒட்டி, கணக்கைச் சரிசெய்யும் வழிமுறையைக் கீழே சேர்த்து, டிக்கெட்டை மூடினேன். அதிகம் போனால் நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்தில் எனக்கு இருந்த உணர்ச்சி என்னவென்று நன்றாக நினைவிருக்கிறது. சந்தோஷம். நல்ல வரி கிடைத்த சந்தோஷம்.

அவர் பெயர் நினைவில்லை. நோட்டிலும் இல்லை.

இதில் என்ன தவறு என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னிடம் வக்கீல் மாதிரி வாதாடிப் பார்த்தேன். மொழி என்றாலே இரவல்தானே? துஷ்டி வீட்டில் நாம் பேசும் எந்த வார்த்தை நம்முடையது? ‘என்ன சொல்றதுன்னே தெரியல’ என்பதையே எத்தனை தலைமுறை சொல்லியிருக்கிறது! ஒப்பாரியிலேயே பாதி வழிவழியாக வந்த அடிகள்தான். அதனால் அழுகிறவளின் கண்ணீர் பொய்யாகிவிடுமா? ஆகாது. இரவல் வார்த்தையில் உண்மையாகத் துக்கப்பட முடியும். அந்தப் பெண்ணின் வரிகூட அவர் எங்கோ கேட்டதாகத்தான் இருக்கும். நான் அதை எழுதியபோது பொய் சொல்லவில்லை.

ஆனால் வாதம் அங்கே நிற்கவில்லை. துஷ்டி கேட்கும் வார்த்தைகளை நான் எப்படிக் கற்றேன்? அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போய். அவள் வாசலில் செருப்பைக் கழற்றிய விதம், உள்ளே போனதும் யாரிடம் முதலில் உட்கார்ந்தாள், கையைப் பிடித்தாளா தோளைத் தொட்டாளா, கிளம்பும்போது ‘போய்ட்டு வாரேன்’ என்று சொல்லாமல் எழுந்தது, எல்லாம் சேர்ந்துதான் அந்த வார்த்தை எனக்குள் வந்தது. ஆங்கில வார்த்தைகள் எனக்கு அப்படி வரவில்லை. அவற்றை ஆள் இல்லாமல், காம்பு கிள்ளிப் பறித்தேன்.

அதற்கான தண்டனையும் கைமேல் கிடைத்திருக்கிறது, அது வேறு கதை. ‘வித் ஆல் ட்யூ ரெஸ்பெக்ட்’ என்ற வரியை மரியாதை என்று நம்பி, ஒரு பெரிய வாடிக்கையாளருக்கு எழுதிய மூன்று மின்னஞ்சல்களின் தலையில் சூட்டினேன். நீ சொல்வது தப்பு என்று சொல்லப்போகிறவர்கள்தான் அதைச் சொல்வார்கள் என்பது பின்னால் தெரிந்தது. யார், யாரிடம், எப்போது சொன்னார் என்று நான் குறித்திருந்தால் அந்தப் பெரிய மனிதருடன் அப்படி ஒரு சண்டை வந்திருக்காது.

ஹவாயில் பணியாற்றிய ரிச்சர்ட் ஷ்மிட் என்ற ஆய்வாளர்தான் இந்தக் ‘கவனித்தல்’ கொள்கையின் பெயர் பெற்ற ஆள். பிரேசிலில் சில மாதங்கள் தங்கி போர்ச்சுகீசியம் கற்றபோது நாட்குறிப்பு எழுதினார். அதை வைத்து இன்னொருவருடன் சேர்ந்து அவர் எழுதிய ஆய்வு 1986இல் வந்தது. ஒரு சொல் காதில் எத்தனை முறை விழுந்தாலும், அதைக் கவனித்த பிறகுதான் அது தன் பேச்சில் வந்தது என்கிறார். என் சீனியர் அண்ணன் சொன்னதும் அதேதான். ஆனால் ஷ்மிட் அதற்கு மூன்று வருடம் முன்பே இன்னொரு ஆளைப் பற்றி எழுதியிருக்கிறார். வெஸ் என்று புனைபெயர் வைத்திருக்கிறார். ஹவாய்க்கு வந்து வாழ்ந்த ஜப்பானிய ஓவியர். மூன்று வருடம் கவனித்ததில் வெஸ்ஸின் இலக்கணம் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் மனிதர்களோடு பேசிப் பழகும் திறமை எங்கேயோ போய்விட்டது. இரண்டையும் படித்தபோது எனக்கு வெஸ் மேல் கொஞ்சம் பொறாமைதான் வந்தது. அந்த ஆளிடம் வலது பக்கமே இல்லை.

எங்கள் அப்பாவிடமும் இல்லை. மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தவர். ‘ஐ பெக் டு ஸ்டேட்’ காலத்து ஆங்கிலம். கூச்சமே இல்லாமல் பேசுவார். கடைசி வருடம் சென்னையில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். வடநாட்டிலிருந்து வந்த இளம் டாக்டர், தமிழ் தெரியாது. அப்பாவே சொன்னார்: “பெயின் இஸ் கமிங் அண்ட் கோயிங், டாக்டர். நைட் டைம் ஒன்லி.” டாக்டர் தலையாட்டி எழுதத் தொடங்கிவிட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. நான் குறுக்கே விழுந்தேன். “ஒன்லி அட் நைட்,” என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. கை அரித்த மாதிரி வாய் அரித்தது, அவ்வளவுதான்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. “நீயே சொல்லுப்பா, நீ கரெக்டா சொல்லுவ,” என்றார். அதன் பிறகு வாயைத் திறக்கவில்லை. வலி எப்படி இருக்கிறது, குத்துகிற மாதிரியா, மந்தமாகவா என்று டாக்டர் கேட்டார். அப்பாவிடம் கேட்காமலே நான் பதில் சொன்னேன். மந்தமாக என்று. ஒரு பிழையும் இல்லாத ஆங்கிலத்தில், நல்ல உச்சரிப்போடு. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அப்பா சொல்லிக்கொண்டிருந்தது சமையலறையிலிருந்து கேட்டது: “ஊசி வெச்சுக் குத்துற மாதிரி இருக்கு.” மறுநாள் காலையிலேயே டாக்டருக்கு போன் செய்து திருத்திச் சொன்னேன். மருந்து எதுவும் மாறவில்லை. நோய் அந்தக் கட்டத்தைத் தாண்டியிருந்தது. அதனால் அது சின்ன விஷயம் என்று ஆகிவிடுமா என்று இன்னும் என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

வலது பக்கத்தில் அந்த வாரம் நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று அன்றிரவு புரட்டிப் பார்த்தேன். அப்பாவின் ‘நைட் டைம் ஒன்லி’ அங்கே இருந்தது. என் தப்புகளுக்கான பக்கத்தில் அவர் வாக்கியம். அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, டிக் போட்டிருந்தேன். ‘டல்’ என்று நான் சொன்னதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

பேனா எடுத்து அந்த அடித்தலை அழிக்கவெல்லாம் இல்லை. மை மேல் மை போட்டால் இன்னும் அசிங்கமாகத்தான் இருக்கும். இடது பக்கம் போய், ‘நாட் குவைட் மைசெல்ஃப்’ வரிக்குப் பக்கத்தில், இங்கிலாந்து, ஒரு பெண், அவர் அப்பா இறந்து இரண்டு வாரம், நான் பதில் எழுதவில்லை என்று எழுதினேன். டெம்ப்ளேட் அனுப்பியதைப் பதில் என்று கணக்கில் சேர்க்க மனம் வரவில்லை. முன்னும் பின்னும் சில வரிகளுக்கும் ஆள் தேடினேன். பெரும்பாலும் கிடைக்கவில்லை.

காலையில் மேனேஜரிடமிருந்து பதில் வந்திருந்தது. அவர் பொதுவாக நீளமாக எழுதுகிறவர். இது இரண்டே வரி: ‘டேக் யுவர் ஓன் டைம். வீ ஆர் தேர்.’

கண் முதலில் ‘ஓன்’ மேல்தான் போய் நின்றது. அது போவதை நானே பார்த்தேன். பிறகு நோட்டை எடுத்து, இடது பக்கத்தில், ‘ஓன்’ உட்பட அப்படியே எழுதினேன். பக்கத்தில் அவர் பெயர், தேதி, அப்பாவுக்குப் பன்னிரண்டாம் நாள்.