பத்திரமான யோசனை

ஸ்ரீரங்கத்தில் அடுத்த வீட்டுப் பையன் கூடைப்பந்து ஆடுகிறவன். திருச்சிக் கல்லூரி ஒன்றில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. வெளிநாடு போய்ச் சம்பளத்துக்கு ஆட அவனுக்கு ஆசை. “என்ன செய்யலாம் அண்ணா?” என்றான். “முதல்ல டிகிரியை முடி” என்றேன். யோசிக்காமல் சொல்லிவிட்டது பிறகு உறுத்தியது.

2008ல் அமெரிக்காவின் பிராண்டன் ஜென்னிங்ஸ் கல்லூரிக்குப் பதில் ரோம் போனார். அடுத்த வருஷம் மில்வாக்கி அணி அவரைப் பத்தாவதாக எடுத்தது. பஞ்சாபின் சத்னாம் சிங்கும் கல்லூரிக்குப் போகவில்லை. 2015ல் டல்லாஸ் அணி அவரை 52வதாக எடுத்தது. என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட இறங்காமல் 2021ல் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போனார். ஒருவர் செய்தது சரி, மற்றவர் செய்தது தவறு என்பது லெட்ஜர் புத்தி. தேர்ந்தெடுக்கும் நாளில் விளைவு யார் கையிலும் இல்லை.

படிப்பு முப்பது வயதிலும் கிடைக்கும்; முழங்கால் அதுவரை காத்திராது. இது தெரிந்தும் ஏன் அப்படிச் சொன்னேன்? பி.ஏ. முடித்து வங்கி குமாஸ்தாவான என் தேர்வுக்கு இன்னொரு சாட்சி தேவைப்பட்டது. யோசனை சரியாகவே இருக்கலாம். அதில் அவன் இல்லை என்பதுதான் குற்றம்.

பையன் கல்லூரியில் சேர்ந்துவிட்டான். அவன் அப்பா இனிப்போடு வந்து நன்றி சொன்னார். வாங்கிக்கொண்டேன்.