உடல் நம்முடையது, நோய் யாருடையது?

“என் உடல் என்னுடையது, அதில் ஊசி ஏற்றச் சொல்ல நீர் யார்?” என்று கேட்போர் நம்மிடையே உளர். கேள்வி நியாயமானதே. ஒருவன் உடல்மீது பிறர் ஆதிக்கம் செலுத்துவதை ஒப்பாத நாம், இதற்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

தடுப்பூசி செய்வது யாது? புதிய கிருமியொன்று உடலுள் புகுந்தால், இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் அதனை அறிந்து எதிர்ப்பொருளை ஆக்கப் பல நாட்கள் செல்லும். அதற்குள் நோயாளி மாண்டாலும் மாளலாம். பிழைத்தவன் உடலிலோ, பகைவனை அடையாளங்கண்ட அணுக்கள் நெடுங்காலம் தங்கி, மறுமுறை அக்கிருமி வரின் விரைந்தெழுகின்றன. வலுவிழந்த கிருமியையோ அதன் ஒரு கூற்றையோ முன்னரே காட்டி, நோயின்றி அவ்வடையாளத்தைக் கற்பிப்பதே தடுப்பூசி. 1796-இல் ஆங்கில மருத்துவர் ஜென்னர் பசுவம்மைப் பாலைக் கொண்டு இவ்வழியைக் காட்டினார். அவ்வழியே சென்று, நம் முன்னோர் அம்மன் சீற்றமென்று அஞ்சிய பெரியம்மையை உலகம் ஒழித்துவிட்டதென 1980-இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது.

ஆயினும், நம் ஜோகூரிலேயே 2019 பிப்ரவரியில் இரண்டு வயதுக் குழந்தையொன்று தொண்டை அடைப்பான் நோய்க்கு இரையாயிற்று. அதற்குத் தடுப்பூசி போடப்பட்டிருக்கவில்லை. அரசாங்கக் கிளினிக்குகளில் இரண்டாம் மாதந்தொட்டு இலவசமாகப் போடப்படுவது அவ்வூசி. பெற்றோரை ஏசுவது நம் நோக்கமன்று. மகவை இழந்தோர்க்கு அதனினும் பெருந்துயர் வேறில்லை. நாம் கேட்பது ஒன்றே: ‘என் உடல்’ என்னும் உரிமையை அக்குழந்தை எப்போது செலுத்திற்று? ‘வேண்டாம்’ என்றது அதன் வாயன்று.

இனி, அயலாரை எண்ணுவோம். தட்டம்மைக்கு முதலூசி நம் நாட்டில் பொதுவாக ஒன்பதாம் மாதத்தில்தான். அவ்வயது நிரம்பாத சிசுவையும், புற்றுநோய் மருந்தால் எதிர்ப்பாற்றல் குன்றியவனையும் காப்பது சுற்றியுள்ளோர் உடலே. நூற்றுக்கு 95 பேரேனும் காப்புப் பெற்றாலன்றித் தட்டம்மை அடங்காது. லயத்தில் ஒரு வீட்டில் பற்றிய தீ, அடுத்த வீட்டாரின் சம்மதம் கேட்டா தாவுகிறது?

ஊசியால் காய்ச்சலும் வீக்கமும் வருதல் உண்டு. மிக அரிதாகக் கடும் ஒவ்வாமையும் நேரும். இதனை மறைத்தல் தகாது. ஐயுறுவது பகுத்தறிவின் முதற்படி; மருத்துவரைக் கேட்டுத் தெளிவது அடுத்த படி. முதற்படியிலேயே நின்றுகொண்டு அதனைக் கொள்கையென்பது சோம்பலேயாகும்.

உடல் நம்முடையதே. ஆனால் நாம் விடும் மூச்சு நம்மோடு நிற்பதில்லை. தாய்மார்களே, தந்தைமார்களே! இன்றே பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தை எடுத்து, விடுபட்ட ஊசி உண்டோவெனப் பாருங்கள்.