வலை பொய் சொல்லாது

அமெரிக்காவில் பதினைந்து வருஷமாக இருக்கும் நண்பன் ஒருவன், சொந்த ஊரான திருக்கோவிலூருக்கு லீவில் வந்தபோது எல்லோருக்கும் சாக்லேட் கொண்டுவந்தான். எனக்கு மட்டும் ஒரு சின்னக் கண்ணாடி ஜாடி. உள்ளே பச்சையும் மஞ்சளும் கலந்த, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் பிசைந்த மாவு மாதிரி ஏதோ. ஜிகினா வேறு மின்னியது. மூடியைத் திறந்தேன். பூண்டு வாசனை குப்பென்று அடித்தது.

‘‘ஊறுகாயாடா?’’

‘‘தூண்டில்ல வைக்கிற இரைடா. மீனுக்கு!’’

அன்று சாயங்காலமே ஜாடியோடு தென்பெண்ணைக்குப் போனோம். கபிலர் குன்றுக்குச் சற்றுத் தள்ளி, தேங்கிய தண்ணீரில் ஒரு பெரியவர் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கொட்டாங்குச்சியில் மண்புழு. ஒரு பிளாஸ்டிக் கவரில் மாவு உருண்டை. நண்பன் ஜாடியை நீட்டினான். பெரியவர் வாங்கி மோந்து பார்த்தார்.

‘‘இன்னா தம்பி, மீனுக்குக் குழம்பு வச்சி எடுத்தாந்திருக்கீங்க?’’

நண்பன் சளைக்காமல் விளக்கம் கொடுத்தான். இது டிரவுட் என்ற மீனுக்கானது. அங்கே பல ஏரிகளில் டிரவுட் தானாகப் பிறந்து வளர்வதில்லை. அரசாங்கமே தொட்டியில் பொரித்து, வளர்த்து, லாரியில் கொண்டுவந்து ஏரியில் விடும். எந்த ஏரியில் எந்த வாரம் விடப்போகிறார்கள் என்றுகூட சில மாநிலங்களில் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். ஜனங்கள் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு தூண்டிலோடு போவார்கள்.

அதற்குப் பிறகு நிறத்தின் கதை. தண்ணீர் தெளிவாக இருந்தால் அடக்கமான நிறம். கலங்கலாக இருந்தால் இந்தப் பச்சை - மஞ்சள். ஆரஞ்சும் ரோஸும் மீன் முட்டையை ஞாபகப்படுத்தும். ஆனால், ஆழத்துக்குப் போகப் போக முதலில் மங்குவது சிவப்புதான் என்பதால், அங்கே சிவப்பை நம்பக்கூடாது. அடுத்து வாசனை. பூண்டு, சோம்பு, மக்காச்சோளம், சீஸ் என்று ஒரு மளிகைக் கடையே இருக்கிறது. ஒன்றுக்குக் கடிக்கவில்லையா, அடுத்த ஜாடியைத் திற.

‘‘ஆனா ஒண்ணு’’ என்றான் நண்பன். ‘‘ஏரியில விட்ட முதல் வாரத்துல இந்த வித்தை எல்லாம் பெரிசாத் தேவையில்ல. தொட்டியில அதுக்குப் போட்ட தீவனம் இருக்கு பாரு, பழுப்பா, உருண்டையா... அந்த நிறம், அந்த வாசனை இருந்தாப் போதும். ஓடி வந்து கடிக்கும். கொஞ்ச நாள் போச்சுன்னா பூச்சி, புழுன்னு தானா தேடித் தின்னக் கத்துக்கும். அப்புறம்தான் கஷ்டம்.’’

பெரியவர் சிரித்தார். ‘‘அதான் தம்பி இங்கயும். கெளுத்திக்குக் கோழிக்குடல். விராலுக்குச் சின்னத் தவக்கள. கட்லா, ரோகுக்கு மட்டும் வேற எதுவும் வேணாம். தவிடு, கடலைப் புண்ணாக்கு. அது குட்டையில தின்னு வளந்தது அதுதான? சோறு போட்ட கை வாசனைய அது மறக்காது.’’

சோறு போட்ட கை வாசனை! அதற்குப் பிறகு அவர்கள் பேசிய எதுவும் என் காதில் ஏறவில்லை.

டிரவுட் நமக்கு அப்படி ஒன்றும் அந்நியம் இல்லை. 1860-களிலேயே பிரான்சிஸ் டே என்ற டாக்டர் அதை நீலகிரிக்குக் கொண்டுவரப் பாடுபட்டுத் தோற்றார். 1907-ல் எச்.சி.வில்சன் என்பவர் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகுதான், மலை ஓடைகளில் ரெயின்போ டிரவுட் நிலைத்தது. குளிர்ந்த தண்ணீர் இல்லாவிட்டால் தாங்காத மீன். அதனால் மலையை விட்டு இறங்கவில்லை. துரைமார்களின் பொழுதுபோக்குக்காகக் கடல் கடந்து வந்த விருந்தாளி அது.

நம் ஏரிகளின் கட்லாவும் ரோகுவும்கூட வடக்கிலிருந்து வந்தவைதான். ஒரு காலத்தில் இவற்றின் குஞ்சுகளை ஆற்றில் அரித்துத்தான் பிடிக்க வேண்டும். 1957 ஜூலை 10-ம் தேதி, ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டு இந்த வகைக் கெண்டைகளைக் குட்டையிலேயே முட்டையிட வைத்தார். இன்றைக்கும் ஜூலை 10 தேசிய மீன் வளர்ப்போர் தினம். அன்று தொடங்கியதுதான் இந்த உறவு. மனிதன் பொரிக்கிறான், மனிதன் தீவனம் போடுகிறான், மனிதன் ஏரியில் விடுகிறான். கடைசியில் அதே தீவன வாசனையைத் தூண்டில் முள்ளில் குத்தி, அதே மனிதன் காத்திருக்கிறான்.

நான் மீன் சாப்பிடுகிறவன். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் எனக்கு மீன் மீது கருணை கிடையாது. என் பிரச்னை வேறு. வலை வீசிப் பிடிப்பதும் தூண்டில் போட்டுப் பிடிப்பதும் ஒன்றுதானா?

மீனுக்கு இரண்டும் சாவுதான். ஆனால், வலை பொய் சொல்லாது. அது பலம். நீ சின்னவன், நான் பெரியவன், பிடித்துவிட்டேன். அவ்வளவுதான். தூண்டில் அப்படியில்லை. அது, ‘வா, சாப்பிடு’ என்கிறது. மீனின் பசியையும், அதன் பழைய நல்ல அனுபவத்தையும் எடுத்து அதற்கு எதிராகவே திருப்புகிறது. வலையில் சிக்கிய மீனை யாரும் குறை சொல்வதில்லை. தூண்டிலில் சிக்கிய மீனை மட்டும், ‘ஆசைப்பட்டது, மாட்டியது’ என்கிறோம்.

இங்கேதான் என் அத்தை ஞாபகம் வருகிறாள்.

தொண்ணூறுகளின் நடுவில் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு ஃபைனான்ஸ் கம்பெனி முளைத்த காலம். வருஷத்துக்கு 36 சதவிகிதம் வட்டி என்று ஒரு கம்பெனி நோட்டீஸ் அடித்தது. நான் அப்போது ஸ்கூலில் காமர்ஸ் குரூப். 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் வருஷம் வரும் என்று புதிதாகப் படித்திருந்தேன். 36 சதவிகிதத்துக்கு ஏறக்குறைய இரண்டே வருஷம்! எந்த நேர்மையான வியாபாரத்தால் இதைக் கொடுக்க முடியும் என்ற கேள்வி எனக்கே வந்தது. அத்தையிடம் சொல்லவில்லை. மாமா ரிட்டயர் ஆகி வந்த பணம் மொத்தத்தையும் அத்தை அங்கே போட்டிருந்தாள். ஒன்றரை வருஷத்தில் கம்பெனி கதவில் பூட்டு தொங்கியது.

எல்லோரும் துக்கம் விசாரித்தார்கள். நான் புத்திசாலி அல்லவா? ‘‘பேராசை பெரு நஷ்டம் அத்தை. 36 பர்சென்ட்டுன்னா யோசிக்க வேணாமா?’’ என்றேன். காமர்ஸ் குரூப்பின் திமிர்.

அத்தை கோபப்படவில்லை. ‘‘வட்டிக்காகப் போடலடா கண்ணு. வாத்தியார் வந்து சொன்னாருன்னு போட்டேன்’’ என்றாள்.

அந்தக் கம்பெனிக்கு ஊரில் ஏஜென்ட், ரிட்டயர் ஆன ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். ஊரில் பாதிப் பேருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். அவரும் அவர் பணத்தைப் போட்டு இழந்தவர்தான். கம்பெனிக்காரன் அவரைத் தேடிப் பிடித்ததுதான் சாமர்த்தியம். 36 சதவிகிதம் என்பது ஜாடியின் நிறம். அதைப் பார்த்து அத்தை திரும்பிப் பார்த்திருக்கலாம். அவளைக் கடிக்க வைத்தது வாத்தியாரின் வாசனை. அது அவளுக்கு முப்பது வருஷமாகப் பழகிய, ஒருபோதும் கெடுதல் செய்யாத வாசனை.

இப்படி ஏமாந்த லட்சக்கணக்கானவர்களுக்காகத்தான் 1997-ல் தமிழக அரசு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. சட்டம் வந்தது. தூண்டில்காரர்கள் ஜாடியை மாற்றிக்கொண்டார்கள். 2012-ல் ஈரோடு மாவட்டத்தில் ஈமு கோழிப் பண்ணைகள் கவிழ்ந்தன. ‘நெருப்புக்கோழி மாதிரி ஒன்றை வளர்த்துப் பணக்காரனாகப் பார்த்தார்களாம்’ என்று ஊரே சிரித்தது. ஆனால், யோசித்துப் பாருங்கள். அதே கொங்கு மண்டலத்தில் கம்பெனி குஞ்சு கொடுக்க, தீவனம் கொடுக்க, விவசாயி வளர்த்துத் திருப்பிக் கொடுக்கும் பிராய்லர் பண்ணை முறை வருஷக்கணக்காக நாணயமாக நடந்து சோறு போட்டிருந்தது. ஈமு திட்டம் அதே தவிடு, அதே புண்ணாக்கு வாசனையில் வந்தது. விவசாயி எப்படிச் சந்தேகப்படுவான்?

2024-ல் நாடு முழுக்கப் பேசப்பட்ட ‘டிஜிட்டல் கைது’ மோசடியிலும் இதுதான். வீடியோ காலில் காக்கிச் சட்டை, பின்னால் ஸ்டேஷன் மாதிரி ஒரு செட். நம் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. பணத்தை இழந்தவர்களில் டாக்டர்கள் உண்டு, ரிட்டயர் ஆன அதிகாரிகள் உண்டு. அவர்களை மாட்டவைத்தது என்ன ஆசை? அரசாங்கம் கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கப் பழகிய ஒழுங்கு. நல்ல குடிமகன் என்பதையே முள்ளில் குத்திவிட்டான் ஒருவன்!

சரி, பேராசைக்காரர்களே இல்லையா? இருக்கிறார்கள். வள்ளுவரே சூதாட்டத்தில் கிடைக்கும் வெற்றியை, மீன் விழுங்கிய தூண்டில் இரும்புக்கு ஒப்பிடுகிறார். சீட்டாட உட்கார்ந்தவனுக்கு அது சரி. அவன் அடுத்தவன் பணத்தைப் பார்த்து உட்கார்ந்தவன். வாத்தியார் பேச்சை நம்பியவளுக்கு அதே குறளைச் சொல்வது எப்படி நியாயம்?

இந்தக் கேள்வியைக் கேட்க திருக்கோவிலூரைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. உலகளந்த பெருமாள் ஊர் இது. குள்ளனாக வந்து மூன்றடி கேட்டவர், வாங்கும்போது விஸ்வரூபம் எடுத்தார். குரு எச்சரித்தும் தெரிந்தே கொடுத்தான் மகாபலி. அது தெய்வத்தின் கணக்கு, நமக்கு வேண்டாம். மனிதக் கணக்கு ஒன்றும் இந்த ஊரில் இருக்கிறது. மெய்ப்பொருள் நாயனார்.

திருக்கோவலூர் மன்னர். சிவனடியார் வேஷத்தைக் கண்டாலே வணங்குகிறவர். அவரிடம் போரில் பலமுறை தோற்ற எதிரி முத்தநாதன். சேனை என்ற வலை அறுந்துபோன பிறகு, அவன் தூண்டிலை எடுத்தான். உடம்பெல்லாம் திருநீறு, ஜடாமுடி, கையில் சுவடிக் கட்டு. கட்டுக்குள் கத்தி. ராத்திரி நேரம். காவல் நின்ற தத்தன் மட்டும், ‘அரசர் தூங்குகிறார், நேரம் பார்த்துப் போங்கள்’ என்று தடுத்துப் பார்த்தான். முத்தநாதன் கேட்கவில்லை. உள்ளே போனான். அபூர்வமான ஆகமம் சொல்ல வந்ததாகச் சொன்னான். மன்னர் கீழே அமர்ந்து வணங்கியபோது குத்தினான். பாய்ந்து வந்த தத்தனிடம் மன்னர் சொன்னது, ‘அவர் நம்மவர், ஊர் எல்லைவரை பத்திரமாகக் கொண்டுபோய் விட்டு வா’ என்று. விட்டுவிட்டேன் என்ற செய்தி வரும்வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். சேக்கிழார் சொல்லும் கதை.

சின்ன வயதில் இது எனக்கு முட்டாள்தனமாகப் பட்டது. குத்தியவனுக்கு எஸ்கார்ட்டா? இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. அந்த மனுஷர் காப்பாற்றியது முத்தநாதனை அல்ல, அந்தத் திருநீற்றை. அன்று ராத்திரி திருநீறு பூசியவனை ஊரார் அடித்துக் கொன்றிருந்தால், மறுநாள் நிஜமான அடியார் ஒருவர் பசியோடு வந்து தட்டும்போது எந்தக் கதவும் திறந்திருக்காது. முத்தநாதன் எடுத்தது ஒரு உயிர். அவன் வேஷம், விட்டிருந்தால், ஊரின் கதவுகளையே மூடியிருக்கும்.

அத்தைக்கு நடந்தது அதுதான். பணம் போனதை அவள் ஒரு வருஷத்தில் செரித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு யாரையும் நம்பவில்லை. பக்கத்து வீட்டில் கைமாற்றாக நூறு ரூபாய் கேட்டால் ‘இல்லை’ என்றாள். மருந்து வாங்கிவந்த பையனிடம் பில்லை மூன்று முறை எண்ணினாள். நான் ஊருக்குப் போனால்கூட, பீரோ சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொள்வாள். கம்பெனி எடுத்ததில் பெரிய தொகை அதுதான். எந்தக் கோர்ட்டிலும் அதற்கு க்ளெய்ம் போட முடியாது.

அதனால், ‘யாரையும் நம்பாதே’ என்று எனக்கு உபதேசம் செய்ய மனசு வரவில்லை. தீவனத்தையே சந்தேகப்படும் மீன், தொட்டியில் பட்டினி கிடந்து சாகும். நம்புகிறவர்களுக்கு இன்னும் சந்தேகத்தைச் சொல்லிக்கொடுப்பதைவிட, அவர்களுக்கு வாசலில் ஒரு தத்தன் வேண்டும். ‘இவ்வளவு பணத்தை இந்த நேரத்தில் யாருக்கு அனுப்புறீங்கம்மா?’ என்று கேட்கும் பாங்க் கிளார்க். கணக்குப் போட்டுப் பார்த்து, வாயைத் திறந்து சொல்லும் அண்ணன் மகன். தத்தன் வேலையை ஒழுங்காகப் பார்த்திருக்க வேண்டியவன் நான். பூட்டு தொங்கிய பிறகு உபதேசம் செய்யத்தான் போனேன்.

இருட்டும்வரை ஆற்றங்கரையில் இருந்தோம். அமெரிக்க ஜாடிக்கு ஒரு மீனும் மசியவில்லை. பெரியவரின் புண்ணாக்கு உருண்டைக்கு ஒரு ரோகு மாட்டியது. முள்ளைக் கழற்றும்போது அவர் அதன் தலையை லேசாகத் தட்டி, ‘‘நீ இன்னா பண்ணுவ பாவம், பழகின வாசன’’ என்றார்.

அத்தை இப்போது இல்லை. நான் அவளிடம் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தையை, ஒரு மீன்காரர் மீனிடம் சொல்லிவிட்டார்.