மண்ணிறம்

ஜேர்மனிக்கு வந்த புதிதில், 1993இல், மாலை வகுப்பொன்றில் இருட்டறை வேலை பழகினேன். கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு நிறமேற்றுவது அங்கேதான் கைவந்தது.

செப்பியாவுக்கு இரண்டு தட்டங்கள் வேண்டும். நன்றாகக் கழுவிய படத்தை முதலில் பொட்டாசியம் ஃபெரிசயனைட்டும் பொட்டாசியம் புரோமைட்டும் கலந்த கரைசலில் இட்டால், சில நிமிடங்களில் முகம் வெளிறி மஞ்சள் நிழலாகிவிடும். கறுப்பாயிருந்த வெள்ளி, வெள்ளி புரோமைட்டாக மாறுகிறது. திரும்பவும் கழுவிச் சோடியம் சல்பைட்டில் இட, கூழ்முட்டை நாற்றத்தோடு அதே முகம் மண்ணிறத்தில் மீண்டு வரும். இப்போது அது வெள்ளி சல்பைட்டு. காற்றிலுள்ள வாயுக்கள் வெள்ளியை அரிப்பதுபோல இதனை இலகுவில் அரிப்பதில்லை. ஆகவே செப்பியா வெறும் அலங்காரமல்ல; படத்துக்கு ஆயுளும் தருகிறது.

அந்த நாட்களில் எங்கள் கட்டடத்திலிருந்த அம்மா ஒருவர் கடவுச்சீட்டு அளவிலான படமொன்றைத் தந்து, பெருப்பித்துத் தரும்படி கேட்டார். 1990இல் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பிவராத அவருடைய மகன். பிரதியெடுத்துப் பெருப்பித்து, புதிதாய்ப் பழகிய வித்தையின் பெருமையில் செப்பியாவும் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நெடுங்காலம் கெடாது என்று விளக்கமும் சொன்னேன். அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இவன் செத்துப்போனான் எண்டு ஆர் உமக்குச் சொன்னது?"

எங்கள் வீடுகளின் சுவர்களில், மாலை தொங்கும் பாட்டன் பூட்டன் படங்களின் நிறம் அது. நான் ஆயுள் கொடுத்ததாக நினைத்திருந்தேன். அவர் கண்ணுக்கு அது கணக்கை முடித்துவைத்த நிறம்.

நோக்கம் நல்லது என்று தப்பிக்க முடியுமா? ஒன்றும் செய்யாமல் விட்டிருக்கலாம் என்பதும் முழுப் பதிலல்ல. சரியாகக் கழுவாத படம் காலப்போக்கில் தானாகவே பழுப்பேறிக் கெடும். பாதுகாக்கத்தான் வேண்டும். ஆனால் பாதுகாப்பவன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றிருக்கிறது: இந்த மனிதனை இறந்தகாலத்தில் வைக்கும் உரிமையை எனக்கு யார் தந்தது?

பிறகு அவரிடம் கேட்டுக்கொண்டு இன்னொரு பிரதி போட்டேன். அதற்கு நீர் நிறையச் சேர்த்த செலீனியம். அன்சல் அடம்ஸ் தன் பிற்காலப் பிரதிகளுக்குப் பயன்படுத்தியது. அளவோடு ஏற்றினால் கறுப்பு கறுப்பாகவே இருந்து இன்னும் ஆழமாகும்; காப்பும் கிடைக்கும். அதை அவர் மாலையில்லாமல் மாட்டினார்.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் பிள்ளைகளின் படங்களோடு தெருவோரம் அமர்ந்த செய்தியை வாசித்தபோது, அந்த அம்மாவின் கேள்வி திரும்பவும் கேட்டது. இம்முறை அது படங்களோடு நிற்கவில்லை. ஊரை நினைவுகூர்ந்து எழுதும் நாமும் கிணற்றடியையும் ஒழுங்கையையும் மண்ணிறமாக்கித்தானே வைத்திருக்கிறோம்? அந்த ஒழுங்கையால் இன்றும் ஆட்கள் போய்வருகிறார்கள். அவர்களை நாம் கேட்டோமா?

அவர் திருப்பித் தந்த செப்பியாப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கொஞ்சமும் மங்கவில்லை.