அம்மாவின் சேலையை வெட்டலாமா?



கொழும்பில் வாழும் நமது குடும்பங்களில் புறக்கோட்டைக்குப் போய்த் துணி வாங்காத குடும்பம் உண்டோ? நத்தாருக்கும், பிள்ளையின் முதல் நன்மைக்கும், கலியாணத்துக்கும், கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளுக்கும் பிரதான வீதியிலும் கெய்சர் வீதியிலும் இரண்டாம் குறுக்குத் தெருவிலும் கடை கடையாக ஏறி இறங்குகிறோம். துணியை விரித்துப் பார்க்கிறோம். விரலிடையே பிடித்துத் தரம் பார்க்கிறோம். விலையைக் குறைக்கச் சொல்கிறோம். கடைக்காரர் அளந்து வெட்டித் தருகிறார். அந்த நேரத்தில் அது வெறும் துணி. மீற்றருக்கு இவ்வளவு என்று அதற்கு ஒரு விலை உண்டு.

அதே துணியை ஒருவர் இருபது வருடம் உடுத்திவிட்டு இறந்து போகிறார். இப்போது அதற்கு என்ன விலை? புறக்கோட்டையில் அதை ஒருவரும் வாங்கமாட்டார்கள். வீட்டிலோ அதை ஒருவரும் எறியமாட்டார்கள். இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில் நின்று கொண்டுதான் இன்றைய கேள்வியைக் கேட்கிறேன்.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தாயார் இறந்து முப்பத்தோராம் நாள் திருப்பலியும் முடிந்துவிட்டது. உறவினர் புறப்பட்டுப் போனபின் பிள்ளைகள் அலுமாரியைத் திறக்கிறார்கள். "எல்லாவற்றையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவோம். அம்மா இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பா" என்கிறார் மூத்தவர். "ஒன்றிலும் கை வையாதேங்கோ அக்கா. அம்மாவின் வாசம் இன்னும் போகேல்லை" என்று அழுகிறார் இளையவர். கனடாவிலிருக்கும் தம்பி தொலைபேசியில், "எனக்கும் ஏதாவது ஒன்று அனுப்புங்கோ" என்கிறார். அப்போது பக்கத்து வீட்டு அம்மா ஒருவர், "சேலைகளிலே துண்டு துண்டாக வெட்டி, பேரப்பிள்ளைக்கு ஒரு சின்னப் போர்வை தைக்கலாமே" என்று யோசனை சொல்கிறார். வீடு அமைதியாகிவிடுகிறது. அம்மாவின் சேலையில் கத்தரிக்கோல் வைப்பதா?

வாசகரே, இந்த மூன்று பிள்ளைகளில் எவர் பக்கம் நீங்கள் நிற்பீர்கள்?

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். இறந்தவரின் துணியில் மனம் பற்றுவது விசுவாசக் குறைவா? ஆன்மா இறைவனிடம் போய்விட்டதே, கந்தலில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். திருச்சபை அப்படி ஒருபோதும் பேசியதில்லை. புனிதர்கள் உடுத்த ஆடைகளை அது திருப்பண்டங்களாகப் போற்றிவருகிறது. ஆண்டவர் பிறந்தபோது தாய் அவரைத் துணியில் சுற்றிக் கிடத்தியதை லூக்கா எழுதாமல் விடவில்லை. உயிர்த்த ஞாயிறு காலையில் கல்லறையில் சீடர் கண்டவையும் துணிகளே. தலையைச் சுற்றியிருந்த துண்டு தனியே சுருட்டி வைக்கப்பட்டிருந்ததாக யோவான் 20ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். உயிர்த்தவர் அத்துணிகளைத் தம்மோடு எடுத்துச் செல்லவில்லை. அவருக்கு அவை இனித் தேவைப்படவில்லை. வந்து பார்த்தவர்களுக்குத்தான் அவை தேவைப்பட்டன. ஆகவே துணி, பின்னால் இருப்பவர்களுக்காகத்தான் இருக்கிறது. அதை நேசிப்பது தவறில்லை. எப்படி நேசிப்பது என்பதே கேள்வி.

அடுத்தது வெட்டும் விடயம். கல்வாரியில் படைவீரர் நமது ஆண்டவரின் உடைகளை நான்கு பங்காக்கினார்கள். ஆனால் தையலின்றி நெய்யப்பட்ட அங்கியை மட்டும் கிழிக்க அவர்களுக்கு மனம் வரவில்லை, சீட்டுப் போட்டார்கள். அன்பினாலா அதைக் கிழிக்காமல் விட்டார்கள்? இல்லை. கிழித்தால் ஒருவருக்கும் உதவாது என்பதனால். நான்காம் நூற்றாண்டில், ஆமியன் நகர வாயிலில், குளிரில் நடுங்கிய ஒரு பிச்சைக்காரனைக் கண்ட போர்வீரர் மார்ட்டின் தமது மேலாடையை வாளால் இரண்டாக வெட்டி ஒரு பாதியைக் கொடுத்தார். மற்றப் பாதி பிற்காலத்தில் பிராங்கிய அரசர்களால் திருப்பண்டமாகப் பாதுகாக்கப்பட்டது. அந்த மேலாடையின் இலத்தீன் பெயரிலிருந்துதான் சிற்றாலயத்தைக் குறிக்கும் 'சப்பெல்' என்ற சொல்லே பிறந்தது. கிழிக்காமல் விட்டவர்களிடம் அன்பு இல்லை. கிழித்தவரிடம் அன்பு இருந்தது. எனவே கத்தரிக்கோல் வைப்பதில் பாவமுமில்லை, புண்ணியமுமில்லை. எதற்காக வைக்கிறோம் என்பதிலேயே எல்லாம் அடங்கியிருக்கிறது.

நம்மில் பலருக்கு இது புதிய வழக்கமாகத் தோன்றலாம். உண்மையில் அப்படியல்ல. நமது வீடுகளில் பிறந்த குழந்தையைப் புதுத் துணியிலா கிடத்தினார்கள்? பாட்டியின் பழஞ்சேலையும் பாட்டனின் பழைய வேட்டியும் கிழிக்கப்பட்டுத்தானே அதற்கு விரிப்பாயின? ஏணை கட்டியதும் பழஞ்சேலையில்தான். எத்தனையோ முறை துவைத்துத் துவைத்து மெதுமையான துணிதான் பிஞ்சு உடலுக்கு இதம் என்பது தாய்மாருக்குத் தெரியும். வங்காளத்தில் பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கும் போர்வைக்குக் 'காந்தா' என்று பெயர். நமது 'கந்தை' என்ற சொல்லுக்கும் அதற்கும் வேர் ஒன்றே.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் இந்தியாவின் கர்நாடக மாநிலத்தில், உத்தர கன்னட மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே சித்தி எனப்படும் மக்கள் வாழ்கிறார்கள். ஆபிரிக்காவிலிருந்து, போர்த்துக்கேயர் காலத்தில் அடிமைகளாகவும் வேறு வழிகளிலும் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். இவர்களில் கத்தோலிக்கரும் உண்டு; முஸ்லிம்களும் இந்துக்களும் உண்டு. இவர்களது பெண்கள் வீட்டார் உடுத்துத் தேய்ந்த துணிகளைக் கொண்டு 'கவந்தி' என்ற போர்வையைத் தைக்கிறார்கள். ஒரு மூலையில் தொடங்கி, ஓரமாகச் சுற்றிச் சுற்றி ஓட்டுத்தையல் போட்டு நடுவுக்கு வருகிறார்கள். கத்தோலிக்கப் பெண்கள் சிலர் சிலுவை வடிவத்தையும் அதில் தைக்கிறார்கள். மூலைகளில் மடித்த துணியால் 'பூ' வைக்கவேண்டும். பூ இல்லாத போர்வையை அவர்கள் நிர்வாணமான போர்வை என்கிறார்கள். வறியவர்கள், எறியவேண்டிய கந்தலுக்குப் பூ வைத்துப் பிள்ளைகளைப் போர்த்துகிறார்கள்!

இங்கேதான், வாசகரே, நான் சொல்லவந்த விடயத்துக்கு வருகிறேன். அவர்கள் வெட்டுவது தேய்ந்த துணியை. நாமோ அலுமாரியைத் திறந்ததும் என்ன செய்கிறோம்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். காஞ்சிபுரம் பட்டையும் நல்ல நூற்சேலையையும் "அம்மாவின் நினைவாக" என்று ஒதுக்கிக்கொள்கிறோம். சாயம் போனதையும் ஓரம் கிழிந்ததையும் பையில் கட்டி, "ஏழைகளுக்கு" என்று கோவில் வாசலுக்கு அனுப்புகிறோம். நினைவு என்ற பெயரில் நல்லதை வைத்துக்கொள்கிறோம். தர்மம் என்ற பெயரில் கந்தலைத் தள்ளிவிடுகிறோம். இரண்டுக்குமே பெயர் வேறு, குணம் ஒன்று.

அம்மா எந்தச் சேலையில் இருக்கிறா? வருடத்தில் இரண்டு முறை உடுத்து மடித்து வைத்த பட்டிலா? இல்லையே. அடுப்படியில் உடுத்த சேலையில் அல்லவா? காய்ச்சல் வந்தபோது நீங்கள் முகம் புதைத்தது அதன் தலைப்பில். உங்கள் கண்ணீரையும் மூக்கையும் துடைத்தது அது. மாலைச் செபமாலையில் முழந்தாளிட்டு முழந்தாளிட்டு நைந்தது அது. நினைவு முழுவதும் இருப்பது எவருக்கும் கொடுக்க முடியாத அந்தத் தேய்ந்த துணியில்தான். அப்படியானால் வழி தெளிவாகிறது. உடுக்கக் கூடியதைக் கொடுத்துவிடுங்கள். உடுக்க முடியாததை வைத்துக்கொள்ளுங்கள். நல்லது ஏழைக்கு, கந்தல் எமக்கு.

அப்போஸ்தலர் பணியின் 9ஆம் அதிகாரத்தில் வரும் தபித்தாவை எண்ணிப் பாருங்கள். யோப்பா நகரில் அவள் இறந்தபோது கைம்பெண்கள் பேதுருவைச் சூழ்ந்து அழுதுகொண்டு, அவள் தங்களுக்குச் செய்து தந்த அங்கிகளையும் ஆடைகளையும் காட்டினார்கள். அவள் தன் பெட்டியில் என்ன வைத்திருந்தாள் என்று எவரும் காட்டவில்லை. அவளுடைய நினைவு மற்றவர்களின் உடலில் இருந்தது. உங்கள் தாயாரின் நல்ல சேலையை ஓர் ஏழைத் தாய் உடுத்து ஞாயிறு பூசைக்கு வருவாவானால், அதைவிடச் சிறந்த நினைவுச் சின்னம் எது? கூறைச்சேலையைக்கூட, கலியாணத்துக்கு வழியில்லாத ஒரு பெண்ணுக்குக் கொடுத்துதவலாமா என்று குடும்பமாகக் கூடி யோசித்துப் பாருங்கள்.

மீதியான தேய்ந்த துணிகளில் போர்வையைத் தையுங்கள். பெரிய வேலையல்ல. தையலுக்கு அரை அங்குலம் விட்டு, ஏழு அங்குலச் சதுரங்களாக முப்பது துண்டு வெட்டினால் போதும். குறுக்கே ஐந்து, நெடுக்கே ஆறு என்று இணைத்தால் 30 அங்குல அகலமும் 36 அங்குல நீளமும் கொண்ட சிறு போர்வை கிடைக்கும். தவழ்ந்து நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கு அது அளவு. அம்மாவின் சேலையோடு அப்பாவின் சேட்டு, பாட்டியின் வேலை செய்த தலையணை உறை, பிள்ளையின் சின்னச் சட்டை என்று ஒவ்வொருவரிடமிருந்தும் சில துண்டு சேருங்கள். நூல் துணியை நூல் துணியோடு இணையுங்கள். பழைய பட்டு மடிப்பு மடிப்பாக விட்டுப்போகும். அடியில் வைக்கும் துணியை மட்டும் புறக்கோட்டையில் புதிதாக வாங்குங்கள். வாங்கியதும் தைத்துவிடாதீர்கள். தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, சுருங்க வேண்டிய அளவு சுருங்கிய பின்பே தையுங்கள். இல்லாவிட்டால் முதற் சலவையிலேயே புதியது இழுத்துப் பழையதைக் கிழித்துவிடும். சுருங்காத புதுத் துணியைப் பழைய ஆடையில் ஒட்டுப்போடுவார் இல்லை என்று ஆண்டவர் சொன்னபோது, நாசரேத்து வீட்டில் தாயார் தைத்ததைப் பார்த்த அனுபவம் அவருக்கு இருந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. குடும்பத்தில் ஒருவர் "வேண்டாம்" என்று சொன்னால் அன்று கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். அழுகிற தங்கைக்குக் காலம் கொடுங்கள். ஒரு வருடம் பொறுத்தாலும் துணி ஓடிப்போகாது. மனம் முறிந்தால் அதை ஒட்டுப்போடத் துணியில்லை.

இன்னொன்று. நமது மக்களில் பலருக்கு வெட்டுவதற்கு அலுமாரியே மிஞ்சவில்லை. 1983 யூலையில் வெள்ளவத்தையில் வீடு எரிய, உடுத்த உடையோடு அகதி முகாமுக்கும் கப்பலுக்கும் போனவர்கள் உண்டு. ஒரேயொரு துண்டு மிஞ்சியிருக்கும் வீட்டில் அதை வெட்டச் சொல்ல எனக்கு நா எழாது. காணாமற்போனவர்களின் உடைகள் இன்னும் பெரிய விடயம். 2025 ஓகஸ்ட் மாதம் யாழ்ப்பாணம் செம்மணியில், புதைகுழியிலிருந்து எடுக்கப்பட்ட உடைகளையும் பொருட்களையும் உறவினர் அடையாளம் காண்பதற்காகப் பொதுமக்களுக்குக் காட்டினார்கள். அங்கே ஒரு சட்டையின் நிறமும் ஒரு தையலும் சாட்சி சொல்லவேண்டியிருந்தது. அப்படிப்பட்ட வீட்டில் மகனின் மற்றச் சட்டை அலுமாரியில் முழுதாகவே இருக்கட்டும். அது இன்னும் பதில் கிடைக்காத ஒரு கேள்வி. நீதி கிடைக்குமுன் அதை மடித்து மூட எவருக்கும் உரிமையில்லை.

ஆயினும் அந்தத் துயரத்திலும் ஊசியை எடுத்த பெண்கள் உண்டு. சிலி நாட்டில் 1973ல் இராணுவ ஆட்சி வந்தபின் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர், காணாமற்போயினர். 1976ல் சந்தியாகோவின் கர்தினால் ராவுல் சில்வா என்றிக்கெஸ் ஒருமைப்பாட்டுப் பணியகத்தை நிறுவினார். அதன் பாதுகாப்பில், காணாமற்போனவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் சாக்குத்துணியின் மேல் கந்தல் துண்டுகளைத் தைத்துச் சித்திரங்கள் செய்தார்கள். சிலர் காணாமற்போனவரின் உடையிலிருந்தே துண்டு எடுத்தார்கள். அவை வெளிநாடுகளுக்குப் போய் உண்மையைச் சொல்லின. அந்தக் குடும்பங்களுக்குச் சோறும் போட்டன. வெட்டுவதா, வைப்பதா என்பதை அந்தத் தாய்மாரே தீர்மானித்தார்கள். வேறு எவரும் அவர்களுக்காகத் தீர்மானிக்கவில்லை.

அலுமாரியின் முன்னால் நின்ற அந்த மூன்று பிள்ளைகளையும் இப்போது மறுபடி பார்ப்போம். மூத்தவர் சொன்னபடி நல்ல சேலைகள் ஏழைகளிடம் போயின. இளையவர் விரும்பியபடி அம்மாவின் அடுப்படிச் சேலை வீட்டிலேயே நின்றது. அதிலிருந்து ஒரு சிறு போர்வை தம்பிக்காகக் கனடா போகும். முழுச் சேலையாக இருந்தால் ஒருவருக்கே கிடைத்திருக்கும். பாட்டியைக் காணாத ஒரு பிள்ளை அந்தப் போர்வையின் கீழ் தூங்கும். அது கேட்கும்போது, "இது உன் அப்பம்மாவின் சேலை, இது அவ சமைத்தபோது உடுத்தது" என்று தகப்பன் சொல்வார்.

வருகிற கார்த்திகை 2ஆம் நாள் மரித்தோரின் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றுவோம். 11ஆம் நாள் புனித மார்ட்டினின் திருநாள். இந்த இரண்டு நாட்களுக்கும் இடையில் ஒரு மாலைப் பொழுதில், செபமாலை முடிந்தபின், வீட்டாரெல்லாரும் கூடி அந்த அலுமாரியைத் திறந்து பாருங்கள். நல்லதை முதலில் வெளியே எடுத்து வையுங்கள்.