கருவியின் மௌனம்

முன்னாளில் பேராக் இரப்பர்த் தோட்டங்களிலே, தகடுகளைப் புகையிடும் கூடத்தில் ஒருவர் இரவெல்லாம் கண்விழித்திருப்பார். தீ மிகுந்தால் கூடமே எரிந்துவிடும். அம்மக்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஈப்போவின் உங்கு ஓமார் பல்தொழில் கல்லூரியிலும், ஸ்ரீ இஸ்கண்டாரில் 1997இல் எழுந்த பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் பயின்று, திரெங்கானுக் கடலின் எண்ணெய் மேடைகளுக்குப் பணியாற்றச் செல்கின்றனர். அங்கே கண்விழித்திருப்பது உணர்கருவி. விழிப்பு என்னும் கடமையைக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டு மனிதன் உறங்கலாமா?

உறங்கலாம் என்பதே என் விடை. உறங்காமல் எவரும் உழைக்க இயலாது. ஆயினும் கருவியின் மௌனம் எத்தகையது என்று அறிந்திருத்தல் வேண்டும். எரிவளியை உணரும் கருவிகளுள் ஒருவகையில், சூடேற்றிய சிறு மணி ஒன்று உண்டு. வளி அதன்மேல் பட்டு எரிகையில் மணியின் மின்தடை உயரும், அவ்வுயர்வே எச்சரிக்கையாகின்றது. சிலிக்கோன் ஆவி படிந்து மணி செயலிழந்தாலோ, கருவி சுழியத்தையே காட்டும். ‘வளி இல்லை’ என்பதற்கும் ‘எனக்கு உணர்வு இல்லை’ என்பதற்கும் அதற்கு ஒரே சொல்தான். இதனாற்றான் அளவறிந்த வளியைச் செலுத்தி அதனை அடிக்கடி சோதிப்பர்.

இக்குறை மனிதர் செயலால் நேர்வதும் உண்டு. 2010 ஏப்ரல் 20ஆம் நாள் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் மேடை வெடித்து 11 பேர் மாண்டனர். உணர்கருவிகள் வளியை அறிந்தாலும் பொது எச்சரிக்கை மணி தானாக ஒலியாதவாறு தடுக்கப்பட்டிருந்தது என்று, அம்மேடையின் மின்னணுத் தொழில்நுட்பர் விசாரணையில் சாட்சியம் அளித்தார். பொய்யெச்சரிக்கையால் விடியற்காலை மூன்று மணிக்கு எவரும் எழுப்பப்படலாகாது என்பதே அதற்குக் காரணமாம்.

இதனை வெறும் அலட்சியம் எனத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பன்னிரண்டு மணி நேரம் உழைத்தவனின் துயிலைக் காப்பதில் இரக்கம் உண்டு. மேலும், நான்கு முறை வீணே எழுப்பப்பட்டவன் ஐந்தாம் முறை படுக்கையை விட்டு எழமாட்டான். எனினும் அவ்விரக்கத்தில் ஒரு களவும் இருக்கின்றது. ஆபத்து வந்தால் மணி ஒலிக்கும் என்று நம்பியன்றோ அவன் கண்மூடுகின்றான்? அவனைக் கேளாமலே அந்நம்பிக்கையைப் பொய்யாக்க மற்றவர்க்கு உரிமை ஏது? 1984இல் போபாலில் நச்சுவளி பரவிய இரவிலும், சிறு கசிவுகளுக்கு அண்டை மக்கள் கலங்கலாகாது என்னும் ஆலை நடைமுறைப்படி, ஊருக்குரிய அபாயச் சங்கு சற்று நேரத்திலேயே நிறுத்தப்பட்டது. அங்கும் உறங்கியவர்களை எவரும் கேட்கவில்லை.

மணியை அடக்கவே கூடாது என்பதன்று என் கருத்து. பழுதுபார்க்கும்போது அடக்கத்தான் வேண்டும். முறையறிந்த மேடைகளில் அதற்கு எழுத்து மூலம் அனுமதி பெறுவர். கால அளவு குறிப்பர். அடுத்த முறைக்கு வருவோரிடம் சொல்லிச் செல்வர். கருவிக்கு ஈடாக ஓர் ஆளை அவ்விடத்தில் நிறுத்துவர். அவன் பெயரும் நின்ற நேரமும் ஏட்டில் இருக்கும்.